வலது பக்கத்துச் சுவர்

வெயில் இன்னும் வலது பக்கத்துச் சுவருக்கு வரவில்லை. வந்ததும் எழுந்துவிடலாம் என்று சகாயராணி உட்கார்ந்திருந்தாள். முதுகை நாற்காலியில் சாய்க்கலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாததால் சாய்க்கவில்லை. எதிரே ஆளுயரத்துக்கும் மேலே ஒரு பழைய ஜன்னல், கம்பி போட்டு, கம்பிக்குப் பின்னால் சதுரம் சதுரமாகக் கண்ணாடி. அதன் வழியாக வெயில் உள்ளே வந்து, கட்டம் போட்ட லுங்கியைக் காயப்போட்ட மாதிரி சிமெண்ட் தரையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்றைக்கு அதுதான் வேலை. "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் சகாயராணி. ஜன்னலப் பாருங்க, வெளிச்சத்தப் பாருங்க. வர்றவங்க படத்தையும் பாப்பாங்க, உங்களையும் பாப்பாங்க. அவ்வளவுதான்" என்று, இங்கே கண்காட்சிக்குப் படம் போட்ட மிருணாளினி மேடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போன வாரம் முழுக்க இந்தப் பழைய அச்சுக்கூடத்தைக் கூட்டித் துடைக்கத்தான் அவள் வந்துகொண்டிருந்தாள். துடைத்து முடித்து ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்தவளை மேடம் தூர நின்று ரொம்ப நேரம் பார்த்திருக்கிறார். "இந்தப் பொண்ணு எப்படிப் பாக்குது பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம். சகாயராணி எதையும் பார்க்கவில்லை. மாரில் பால் கட்டிக்கொண்டு கனத்தது, அது கொஞ்சம் தணியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு, பார்த்துக்கொண்டிருப்பவளும் பொறுத்துக்கொண்டிருப்பவளும் ஒரே மாதிரிதான் தெரிவாள் போலிருக்கிறது. இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது. "உக்காருவீங்களா?" என்று கேட்டபோது தலையாட்டினாள். பேச வராத இடத்திலெல்லாம் தலையாட்டித்தான் அவளுக்குப் பழக்கம். கல்யாணத்துக்கும் அப்படித்தான் ஆட்டினாள்.

பாப்பாவைக் காலையில் பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். புருஷன் ஜெபஸ்டின் தங்கல் படகில் போயிருக்கிறான், கரைக்கு வர அடுத்த வாரம் ஆகும். வேறு ஆள் இல்லை. பிலோமினா அக்கா நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் எப்போதும் பேசும். "த பாரு ராணி, மத்தியானம் படகு வந்துருச்சின்னா நான் ஏலத்துக்குப் போயிருவேன். போவலன்னா என் கூடைக்கு மீனு உன் மாமியாரா குடுப்பா? அதுக்குள்ள வந்துரு. உன் பொண்ணு பாட்டிலக் கண்டாலே என்னைக் கொலகாரி மாரி பாக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னது. ஆனால் சொன்னால் சொன்னதுதான், அக்கா போய்விடும். போனால் வீட்டில் அக்கா புருஷன் சவரி அண்ணன் மட்டும்தான் இருப்பார், அவர் மத்தியானமே ஊற்றிக்கொண்டு படுத்துவிடுகிற ஆள். பாப்பாவைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போகும். பக்கத்தில் தலையணை வைக்கும், வைக்காமல் போகாது. ஆனால் பாப்பா இப்போதுதான் குப்புறக் கவிழப் பழகியிருக்கிறது. கவிழத் தெரிகிறது, திரும்ப மல்லாக்க வரத் தெரியவில்லை. முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு, கை உள்ளே மாட்டிக்கொண்டு, உம் உம் என்று முக்கும். எடுத்துத் திருப்பிவிட ஒரு ஆள் வேண்டும். சவரி அண்ணனுக்கு அந்த முக்கல் கேட்குமா. அவருக்குச் சர்ச் மணியே கேட்பதில்லை. தலையணை உருண்டால். சகாயராணி தலையணையை மனதுக்குள் எடுத்து மறுபடி வைத்தாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கால்மாட்டில் வைக்க மறந்துவிட்டோமே என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து வைத்தாள். வெயில் வந்துவிட்டால் போதும். வெயில் வந்ததும் எழுந்து, கதவோரம் இருக்கிற தாமோதரன் அண்ணனிடம் கொடுத்து வைத்த ஃபோனை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம். இந்த அறைக்குள் ஃபோன் கூடாது, கடிகாரமும் கூடாது. "இங்க வெளிச்சம்தான் மணி" என்று மேடம் சொன்னபோது வேதக்கோயிலில் சாமியார் சொல்வதுபோல இருந்தது, அழகாகத்தான் இருந்தது.

சுற்றிலும் மெல்லிய நூலில் காகிதங்கள் தொங்கின. எல்லாவற்றிலும் இதே அறை, இதே ஜன்னல், இதே காலி நாற்காலி. வெயில் மட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் விழுந்திருந்தது. யாராவது நடந்தால் காற்றில் எல்லா ஜன்னலும் ஒரே சமயத்தில் லேசாக அசைந்து நின்றன. மேடம் இதைச் செய்கிறதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பலகை மாதிரி ஒரு தட்டைக் கல்லு, அதில் மெழுகுப் பென்சிலால் வரைவார், ஏதோ தடவுவார், தண்ணீர் ஒற்றுவார், மை உருளையை ஓட்டுவார். தண்ணீர் இருக்கிற இடத்தில் மை ஒட்டாது, மெழுகு இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டும். காகிதத்தை மேலே போட்டுச் சக்கரத்தைச் சுற்றி அழுத்தி எடுத்தால் படம் வந்துவிடும். அப்புறம் மணலைப் போட்டு அரைத்து அந்தப் படத்தைக் கல்லிலிருந்தே அழித்துவிட்டு அடுத்ததை வரைவார். மணலுக்குத் தண்ணீர் ஊற்றியது சகாயராணிதான். ஒரு ஜன்னல் கரைந்து சாம்பல் தண்ணீராகத் தன் காலடியில் ஓடியபோது அவளுக்கு என்னவோ போல இருந்தது, வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். காலையில் மேடம் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கைக்கெட்டுகிற தூரத்தில் தொங்கிய காகிதம் ஒன்றைக் காட்டினார். "இதுதான் கடைசிப் படம். இதுல வெளிச்சம் எங்க இருக்கு?" சகாயராணி விரலால் காட்டினாள், வலது பக்கத்துச் சுவரின் அடியில். "அங்க வந்ததும் எந்திரிச்சிருங்க. நான் இல்லைன்னாலும் பரவால்ல." அவள் தலையாட்டினாள். உட்கார்ந்தபோது வெயில் அந்தச் சுவருக்குக் கிட்டத்தில்தான் கிடந்தது, ஒரு பாய் விரிக்கிற அளவுகூட இடைவெளி இல்லை. சீக்கிரம் வந்துவிடும் என்று சந்தோஷப்பட்டாள். மேடம் பாவம், இதற்குப் போய் இத்தனை பேச்சு பேசினாரே என்றுகூட நினைத்தாள்.

ஆனால் வெயில் சுவரைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. முதலில் அவள் நம்பவில்லை. கண்ணை மூடித் திறந்தாள், தரையில் ஒரு விரிசலை அடையாளம் வைத்துக்கொண்டாள். விரிசலைத் தாண்டி வெயில் இடது பக்கமாக வந்தது, அவள் காலுக்கு முன்னால் வந்தது, பாதத்தில் ஏறிச் சுட்டது, அப்புறம் பாதத்தையும் விட்டு இறங்கி இன்னும் இடது பக்கமாகப் போனது. போய்விட்டுத் திரும்பி வரும் போலிருக்கிறது என்று நினைத்தாள். அலை போகிறது, வருகிறது. படகு போகிறது, வருகிறது. ஜெபஸ்டின் போகிறான், வருகிறான். மேடம் படித்தவர், இத்தனை நாளாக இதையே பார்த்து வரைந்தவர், அவருக்குத் தெரியாதா. வெயில் அந்தச் சுவர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வரும், இந்தச் சுவருக்கு வரும், அப்போது எழுந்துகொள்ளலாம். வெயில் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லைதான். ஆனால் எந்த நாளில் அவள் வெயிலைக் காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். துணி காய்ந்ததா என்று பார்ப்பதோடு சரி. இரண்டு காலேஜ் பெண்கள் காகிதங்களை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருத்தி சகாயராணியைச் சுற்றி வந்தாள். "ஏய், இது பொம்மையா ஆளாடி?" "ஆளுதான், கண்ணு சிமிட்டுது பாரு." "சிமிட்டல." "இப்ப சிமிட்டுச்சுடி, சத்தியமா." சிமிட்டலாமா என்று அவளுக்கே தெரியவில்லை, கண் எரிகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டாள். "எனக்கெல்லாம் பத்து நிமிஷம் ரீல்ஸ் பாக்காம இருக்க முடியாது. எவ்ளோ பொறுமை பாரேன்" என்று மற்றவள் சொன்னாள். பொறுமை என்று சொல்லிவிட்டார்கள். இனி எப்படி எழுவது. பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்தால், ஐயோ எழுந்துட்டா என்பார்கள். அவர்கள் போகட்டும் என்று இருந்தாள். அவர்கள் போனார்கள், வேறு யாரோ வந்தார்கள்.

மார் கல்லாகிவிட்டது. முதலில் கனம், அப்புறம் வலி, இப்போது கையைத் தூக்கினால் அக்குள் வரைக்கும் இழுக்கிறது. பாப்பா குடிக்கிற நேரம் தாண்டிவிட்டது என்று அதற்குத் தெரிகிறது. அதற்கு எப்படித்தான் தெரியுமோ. சுவரைப் பார்க்க வேண்டியதில்லை, ஜன்னலைப் பார்க்க வேண்டியதில்லை, தன்பாட்டுக்கு ஊறி ஊறி நிற்கிறது. முந்தானையை இழுத்து இன்னொரு சுற்று போர்த்திக்கொண்டாள். எழுந்துவிடு என்று ஒரு மனசு சொன்னது. சொன்ன மனசுக்குக் கால் இல்லை. ஆறாம் வகுப்பில் ஸ்டெல்லா மிஸ் கணக்குக் கேட்டபோது விடை அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது, அதற்குமேல் வரவில்லை. "நான் வர்ற வரைக்கும் பெஞ்சு மேல நில்லு" என்று சொல்லிவிட்டு மிஸ் போனார், தலைவலி என்று அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார். மணி அடித்தார்கள், பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், "ஏய் எறங்கி வாடி" என்று ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள், சகாயராணி இறங்கவில்லை. மிஸ் வந்து சொல்ல வேண்டுமே. கடைசியில் பூட்ட வந்த ஆயா பார்த்து, "இன்னாடி, வேதாளம் மாரி நிக்கிற" என்று இடுப்பில் கைகொடுத்து இறக்கிவிட்டபோது பாவாடை நனைந்திருந்தது. மறுநாள் வயிற்றுவலி என்றாள். அதற்கு மறுநாளும். அப்புறம் தம்பி பிறந்துவிட்டான், பள்ளிக்கூடம் ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சிலிருந்து அவளை யாரும் இன்னும் இறக்கவில்லையோ என்று சில சமயம் தோன்றும். மாமியார் வீட்டுக்கு வந்த முதல் நாள் அடுப்படி ஓரம் நின்றவளை உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்கள், சாப்பாடு முடிகிற வரைக்கும் நின்றாள். பிரசவத்துக்குப் போனபோது, "வலி ஜாஸ்தியானா கூப்பிடுமா" என்று நர்ஸம்மா சொன்னார். எவ்வளவு வந்தால் ஜாஸ்தி என்று சொல்லவில்லை. அவள் கூப்பிடாமலே கிடந்தாள், பக்கத்துக் கட்டில்காரிதான் கத்தினாள், தலை தெரியுதுங்க என்று.

கழுத்து நோகாமல் பார்க்கத் தோதாக இருந்தது கைக்கெட்டிய அந்தக் காகிதம்தான். வெயில் எப்போது வலது சுவருக்கு வரும் என்று அதையே கேட்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து அதற்குப் பதிலாக அட்டை வைத்திருந்தார்கள், அதைக்கூட மேடம் விடாமல் வரைந்திருந்தார், மேல் வரிசையில், வலது ஓரத்தில், ஒரு கறுப்புச் சதுரமாக. சகாயராணி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அட்டை இடது ஓரத்தில் இருந்தது. காகிதத்தைப் பார்த்தாள். வலது. அடுத்த காகிதத்தைப் பார்த்தாள், அதிலும் வலது, எல்லாக் காகிதத்திலும் வலது. அவள் கையைப் பார்த்துக்கொண்டாள், சாப்பிடுகிற கை எது என்று. கல்லிலிருந்து மேடம் காகிதத்தை உரித்து எடுத்தது ஞாபகம் வந்தது, ஒரு ஓரத்தைப் பிடித்து, தோசையைத் திருப்புவதுபோல ஒரே வீச்சில் திருப்பி. திருப்பிப் போட்டால் இந்தப் பக்கம் அந்தப் பக்கமாகத்தானே ஆகும். அப்படியானால் வெயில் திரும்பி வராது. வலது பக்கத்துச் சுவருக்கு இன்றைக்கும் வராது, நாளைக்கும் வராது. வரவேண்டிய சுவர் இடது பக்கத்துச் சுவர், அங்கே அது எப்போதோ வந்து, அடியைத் தொட்டு, மேலே ஏறி, இப்போது ஒரு சாண் ரிப்பன் மாதிரி ஆகி, அதுவும் மங்கிக்கொண்டிருந்தது. இது அத்தனையையும் அவள் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்திருக்க வேண்டிய நேரம் அவள் கண் முன்னாலேயே வந்து நின்று போய்விட்டது. படகு வந்திருக்கும். ஏலம் கூவி முடிந்திருக்கும். கட்டிலில் பாப்பா. தலையணை. எழுந்துவிடு, நேரம் தாண்டியாச்சு, மேடமே சொன்னதுதானே, நான் இல்லைன்னாலும் பரவால்ல என்று. ஆனால் மேடம் காட்டிய படத்தில் இருந்தது வலது சுவர். அவள் காட்டியதும் வலது சுவர். கேட்டால் என்ன சொல்வது, படம் திரும்பியிருக்கு மேடம் என்றா, அத்தனை பேர் முன்னால், அந்த வார்த்தைகள் எல்லாம் அவள் வாயிலிருந்தா. தொங்குகிற காகிதங்களில் வெயில் பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தது, சாயங்காலத்திலிருந்து மத்தியானத்துக்கு, மத்தியானத்திலிருந்து காலைக்கு. அப்படியே போனால் பாப்பா மறுபடி வயிற்றுக்குள் போய்விடும், அங்கே கவிழ்ந்தாலும் நிமிர்ந்தாலும் பயமில்லை. கால் மரத்துவிட்டது.

அப்போதுதான் வயசான புருஷனும் பெண்சாதியும் உள்ளே வந்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். "எல்லாம் ஒண்ணுதாண்டி. நம்ம வீட்டுலயும்தான் ஜன்னல் இருக்கு, யாராவது டிக்கெட் வாங்கிட்டு வர்றாளா?" "உங்க மூஞ்சி அதுல தெரியறதே, அதான் யாரும் வரல" என்றது அந்த அம்மா. அவர் சிரித்தார். அவர் சிரிப்பு முடிகிற இடத்தில், எதற்கு என்றே தெரியவில்லை, சகாயராணியின் மாரில் சுரீர் என்று ஊசி குத்தியதுபோலப் பால் இறங்கியது. இரண்டு பக்கமும். கையால் அழுத்திப் பிடித்தாள், நிற்கவில்லை, விரலிடுக்கில் வெதுவெது என்று வந்து ரவிக்கையை நனைத்து முந்தானையை நனைத்து மடியில் சொட்டியது. அந்த அம்மா பார்த்துவிட்டது. புருஷனின் தோளைப் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பி, "நீங்க போய் அங்க இருக்கறத எல்லாம் பாருங்கோ, போங்கோ" என்று தள்ளிவிட்டுக் கிட்டே வந்தது. "எத்தனை மாசம்?" சகாயராணி வாயைத் திறந்தாள். இந்த நாற்காலியில் பேசலாமா என்று யாரும் சொல்லவில்லை. "ஆறு." "எங்க இருக்கு?" "வீட்டுல." "அப்ப நீ இங்க என்ன பண்றே?" "வெயிலு வரணும்மா" என்றாள் சகாயராணி. அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. புரிந்ததுபோல இல்லை. என்னவோ சொல்ல வாயெடுத்தது, அதற்குள் புருஷன் அங்கிருந்து, "இங்க வந்து பாரேன், இதுல கொஞ்சம் இருட்டா போட்ருக்கான்" என்று கூப்பிட்டார். ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எழுந்திரு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேச்சுச் சத்தம் படிக்கட்டில் இறங்கித் தேய்ந்தது. அறையில் யாரும் இல்லை. அவளை இப்போது யாரும் பார்க்கவில்லை, அப்படியும் அவள் உட்கார்ந்துதான் இருந்தாள், முதுகைச் சாய்க்காமல். அப்படியானால் இத்தனை நேரமும் அவளை உட்காரவைத்தது அவர்கள் இல்லை. அது அவளுக்கு வெயிலைவிட மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கி முடிகிற வரைக்கும்கூட அவள் காத்திருக்கவில்லை. மரத்த காலைக் கையால் தூக்கித் தரையில் வைத்தாள், நாற்காலியின் பிடியை அழுத்தினாள், எழுந்தாள். எல்லா ஜன்னலும் ஒரு தடவை அசைந்தன. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

கதவோரம் தாமோதரன் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் தெருக்காரர், அவளுக்கு இந்த வேலையைச் சொல்லி அனுப்பியவரும் அவர்தான். "முடிஞ்சிருச்சாமா?" "அப்பவே முடிஞ்சிருச்சுண்ணே." "மேடம் இன்னும் வர்லியே. வந்து கேட்டாங்கன்னா நான் இன்னா சொல்றது?" "கொழந்தைக்குப் பால் குடுக்கப் போயிட்டான்னு சொல்லுங்க." பால் என்று ஓர் ஆம்பிளையிடம் சொல்லிவிட்டாள், அவ்வளவு சத்தமாக. அவர் சட்டென்று குனிந்து பெட்டியைத் திறந்து, நிமிராமலே ஃபோனை எடுத்து நீட்டினார். படிக்கட்டில் இறங்கிக்கொண்டே பிலோமினா அக்காவுக்குப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. தெருவுக்கு வந்து மறுபடி போட்டாள். எடுத்ததும் முதலில் வந்தது அழுகைதான், வீறிட்டு, தொண்டை கிழிய, உயிரோடு. சகாயராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கடி போய்த் தொலஞ்ச? எத்தினி வாட்டி போட்டேன்! ஏலம் போச்சு, மீனு போச்சு, எல்லாம் போச்சு. இத உட்டுட்டு எப்டி போவச் சொல்ற என்னை? வாய மூடட்டும்னு என் வத்தல் மாரக் குடுத்தேன், நறுக்குனு கடிச்சு வச்சிட்டா உன் பொண்ணு. கீழ பல்லு மொளச்சிருக்குடி. தெரியுமா உனக்கு?" "பல்லாக்கா?" "ஆமா, பல்லு. அரிசி மாரி, ஒண்ணு. காலைல இல்ல, நான் விரல உட்டுப் பாத்தேன். இப்ப இருக்குது." சகாயராணி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த அழுகையைக் கேட்டபடி நடந்தாள், ஈர மாரை மூட ஒரு கை வேண்டும், ரோட்டைக் கடக்க ஒரு கை வேண்டும், மூடுகிற கையை எடுத்துவிட்டாள். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நகராமல் நின்றன, ஷேர் ஆட்டோக்கள் அந்தப் பக்கம்தான் வரும். டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். "இன்னும் எவ்ளோ நேரம்டி?" என்று பிலோமினா அக்கா கத்தியது. "வந்துட்டேன்கா" என்றாள் சகாயராணி, இரண்டு லாரிகளுக்கு நடுவே உடம்பை ஒருக்களித்து நுழைத்து. "வந்துட்டேன், வந்துட்டேன்."